முளைக்கிற விதை எத்தனை?

எச்.ஐ.வி.க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் அவ்வப்போது வைரல் லோடு பரிசோதனை செய்துகொள்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வருபவரின் அறிக்கையில் பெரும்பாலும் ‘கண்டறியப்படவில்லை’ என்றே வரும். அதன் மதிப்பு சாதாரணமானதல்ல. இந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதைப் பெரிய ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி தேறுகிறது, ஆயுளும் மற்றவர்களின் ஆயுளை நெருங்குகிறது. ஆனால் அதே நபர் மாத்திரையை நிறுத்திவிட்டால், பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் ரத்தத்தில் வைரஸ் திரும்பிவிடுகிறது. அப்படியானால் அது இத்தனை நாளும் எங்கே இருந்தது? எவ்வளவு இருந்தது?

‘எங்கே’ என்பதற்கு 1997லேயே விடை கிடைத்துவிட்டது. ‘எவ்வளவு’ என்பது கால் நூற்றாண்டு கடந்தும் ஆய்வுக்கூடங்களைப் பாடாய்ப்படுத்துகிறது.

வைரல் லோடு பரிசோதனை பார்ப்பது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் மிதக்கும் வைரஸ்களை மட்டும்தான். ஒரு மில்லிலிட்டரில் 20 அல்லது 50 பிரதிகளுக்குக் கீழே போனால் வழக்கமான கருவிகளுக்கு எட்டாது. ஆனால் எச்.ஐ.வி. மிதந்துகொண்டே இருக்கும் கிருமி அல்ல. சிடி4 என்ற வெள்ளணுவுக்குள் புகுந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அந்தச் செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்கு நடுவில் செருகிவிடுகிறது. இப்படிச் செருகப்பட்ட வைரஸ் மரபணுத் தொகுதிக்கு ‘புரோவைரஸ்’ என்று பெயர். சிடி4 செல்களில் ஒரு வகை, முன்பு வந்த கிருமிகளை நினைவில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓய்வில் கிடப்பவை. அப்படி ஓய்வில் கிடக்கும் செல்லுக்குள் புரோவைரஸும் சும்மா கிடக்கிறது. அது வைரஸ் புரதம் எதையும் தயாரிக்காததால் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படுவதில்லை. மருந்துகள் புதிய செல்களுக்குத் தொற்று பரவுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே செருகப்பட்டதை அவை தொடுவதே இல்லை. என்றோ ஒருநாள் அந்தச் செல் விழித்துக்கொள்ளும்போது வைரஸும் விழித்துக்கொள்கிறது. இதை ஆராய்ச்சியாளர்கள் ‘ரிசர்வாயர்’ என்கிறார்கள். நாம் வைரஸ் இருப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படியோர் இருப்பு உண்டு என்பது தெளிவாகும் முன் பெரிய நம்பிக்கை ஒன்று நிலவியது. 1996ல் கனடாவின் வான்கூவரில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையின் வெற்றியைக் கேட்டு அரங்கம் பூரித்தது. அடுத்த ஆண்டே ஆலன் பெரல்சன், டேவிட் ஹோ குழுவினர் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மருந்து வைரஸை முழுமையாகத் தடுத்து, வேறு மறைவிடம் எதுவும் இல்லாமல் இருந்தால், 2.3 முதல் 3.1 ஆண்டுகளில் உடலிலிருந்து வைரஸைத் துடைத்துவிடலாம் என்றது அந்தக் கணக்கு. மறைவிடம் இருந்தது. அதே 1997ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சிலிசியானோ, சான் டியேகோவின் டக்ளஸ் ரிச்மன், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆந்தனி ஃபௌசி ஆகியோரின் மூன்று குழுக்களும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன: நன்றாகச் சிகிச்சை பெற்று வருபவர்களின் ஓய்விலிருக்கும் சிடி4 செல்களிலிருந்து உயிருள்ள வைரஸை மீண்டும் வளர்த்தெடுக்க முடிகிறது.

அந்த வளர்த்தெடுக்கும் சோதனைதான் இன்றுவரை இந்தத் துறையின் உரைகல். நோயாளியிடமிருந்து 120 முதல் 180 மில்லிலிட்டர் வரை ரத்தம் எடுக்கிறார்கள். அதிலிருந்து ஓய்விலுள்ள சிடி4 செல்களை மட்டும் பிரிக்கிறார்கள். பிறகு அவற்றை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே போய் வரிசையாகத் தட்டின் குழிகளில் இடுகிறார்கள்: முதல் குழியில் 10 லட்சம் செல், அடுத்ததில் 2 லட்சம், பிறகு 40 ஆயிரம், 8 ஆயிரம், 1,600, 320. எல்லாக் குழிகளிலும் செல்களைத் தூண்டிவிடும் ஒரு புரதத்தைச் சேர்க்கிறார்கள். விழித்துக்கொண்ட செல் வைரஸை வெளியிட்டால் அது தொற்றிப் பெருகுவதற்கு இரை வேண்டுமே, அதற்காக எச்.ஐ.வி. இல்லாத கொடையாளியின் செல்களையும் இரண்டு தடவை சேர்க்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து எந்தெந்தக் குழியில் பி24 என்ற வைரஸ் புரதம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். எந்த அளவு வரை குழிகள் ‘ஆம்’ சொல்கின்றன, எங்கிருந்து ‘இல்லை’ சொல்லத் தொடங்குகின்றன என்பதிலிருந்து, எத்தனை செல்லுக்கு ஒரு செல் வைரஸைத் தாங்கி நிற்கிறது என்று புள்ளியியல் மூலம் கணக்கிடலாம்.

வந்த விடை, சுமாராக 10 லட்சம் ஓய்வுச் செல்களுக்கு ஒன்று. உடல் முழுவதற்கும் கணக்கிட்டால் சில லட்சம் செல்கள். இது மிகக் குறைவுதான். ஆனால் இந்த இருப்பு பாதியாகக் குறைவதற்கே சராசரியாக 44 மாதங்கள் ஆகின்றன என்று சிலிசியானோ குழு கண்டது. ஒரு லட்சம் செல்கள் அந்த வேகத்தில் கரைந்து தீர 73 ஆண்டுகள் ஆகும் என்று 2003ல் எழுதினார்கள். வாழ்நாள் முழுவதும் மாத்திரை என்ற விதி இந்த எண்ணிலிருந்து வந்ததுதான்.

இந்தச் சோதனைக்கு உழைப்பு அதிகம், செலவும் அதிகம், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதனால் பலர் எளிய வழிக்குப் போனார்கள். பி.சி.ஆர். மூலம் செல்களிலுள்ள எச்.ஐ.வி. டி.என்.ஏ.வின் ஒரு சிறு துண்டைத் தேடி எண்ணிவிடலாம், ஒரு நாளில் முடிந்துவிடும். சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஒரே நோயாளிகளின் ரத்தத்தை இரு முறைகளிலும் சோதித்து 2013ல் வெளியான ஒப்பீட்டில், பி.சி.ஆர். காட்டிய எண் வளர்ப்புச் சோதனையின் எண்ணைவிடச் சராசரியாக 300 மடங்கு அதிகம். இரண்டில் எதை நம்புவது?

விதைநெல்லை நினைத்துப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். மூட்டையில் உள்ள மணிகளை எல்லாம் எண்ணினால் அதில் பதரும் சேர்ந்துவிடும். பதருக்கும் உமி உண்டு, வெளிப்பார்வைக்கு நெல்தான், ஆனால் முளைக்காது. பி.சி.ஆர். செய்வது இந்த எண்ணிக்கையை. மாறாக, ஈரச்சாக்கில் நூறு மணியைக் கட்டிவைத்து முளைத்ததை மட்டும் எண்ணினால் பதர் கழிந்துவிடும். ஆனால் உறக்கத்தில் இருக்கிற நல்ல விதையும் அன்றைக்கு முளைக்காது. சில நெல் ரகங்களுக்கு அறுவடைக்குப் பின் இப்படியோர் உறக்க காலம் உண்டு என்பது விவசாயிகளுக்குத் தெரியும். வளர்ப்புச் சோதனை எண்ணுவது அன்றைக்கு முளைத்ததை மட்டும்.

எச்.ஐ.வி.யில் பதர் எவ்வளவு? சிலிசியானோவின் ஆய்வுக்கூடத்தில் யா-சி ஹோ இதைத் துருவினார். தூண்டிவிட்டும் வைரஸை வெளியிடாத குழிகளிலிருந்து 213 புரோவைரஸ்களை எடுத்து அவற்றின் மரபணு வரிசையைப் படித்தார். அவற்றில் 88.3 சதவீதம் பழுதானவை. சிலவற்றில் பெரும் பகுதி காணாமல் போயிருந்தது, ஏனென்றால் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகலெடுக்கும் நொதி அவசரத்தில் தாவிவிடும். வேறு சிலவற்றை நம் செல்லே கெடுத்து வைத்திருந்தது. ஏபோபெக்3ஜி என்ற நம் தற்காப்பு நொதி, வைரஸின் மரபணு எழுத்தில் ‘ஜி’ இருக்கும் பல இடங்களை ‘ஏ’ ஆக்கிவிடுகிறது. புரதம் தயாரிக்கும் வரிசையின் நடுவே ஆங்காங்கே ‘நிறுத்து’ என்ற கட்டளை விழுந்துவிடும்.

மிச்சமிருந்த 11.7 சதவீதம்தான் அதிர்ச்சி. அவை முழுமையாக இருந்தன. சிலவற்றை ஆய்வுக்கூடத்தில் மீண்டும் கட்டமைத்துப் பார்த்தபோது நன்றாகவே பெருகின. அதாவது முதல் தூண்டலில் முளைக்காதவற்றில் நல்ல விதைகளும் இருந்திருக்கின்றன. முளைக்காத குழிகளை இரண்டாம் முறை தூண்டியபோது சிலவற்றில் வைரஸ் வரவும் செய்தது. உண்மையான இருப்பு வளர்ப்புச் சோதனை காட்டுவதைவிட 60 மடங்கு வரை இருக்கலாம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஒரு முறை அளவுக்கு மீறிக் காட்டுகிறது, இன்னொன்று குறைத்துக் காட்டுகிறது, உண்மை இரண்டுக்கும் நடுவில்.

நடுவில் நிற்கும் ஓர் அளவுகோலை 2019ல் அதே ஆய்வுக்கூடம் உருவாக்கியது. கேத்ரின் புரூனர் முதல் ஆசிரியராக ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த முறைக்கு ஐ.பி.டி.ஏ. என்று பெயர். முழு வைரஸையும் படிப்பது நாள் பிடிக்கும் வேலை. ஆனால் பழுதுகள் எங்கு வேண்டுமானாலும் சிதறிக் கிடப்பதில்லை, சில இடங்களில்தான் அதிகம் விழுகின்றன. அதனால் இரண்டே இடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒன்று வைரஸ் வரிசையின் தொடக்கத்தை ஒட்டிய ‘பொதியும் சமிக்ஞை’ப் பகுதி, இன்னொன்று கடைசிப் பக்கமுள்ள ‘என்வ்’ மரபணு. இரண்டும் சரியாக இருந்தால் அந்தப் புரோவைரஸ் பெரும்பாலும் முழுமையானது. பழுதானவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரே சல்லடையில் கழிந்துவிடுகின்றன.

இது நடக்கிற விதம் அழகானது. நோயாளியின் செல்களிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை எண்ணெயில் கலந்து, ஒரு நானோலிட்டர் அளவுள்ள சுமார் 20 ஆயிரம் நுண்துளிகளாக உடைக்கிறார்கள். ஒரு துளிக்குள் ஒரு புரோவைரஸுக்கு மேல் விழாத அளவுக்கு டி.என்.ஏ. நீர்த்திருக்கும். ஒவ்வொரு துளியும் தனித்தனிப் பி.சி.ஆர். குழாய் மாதிரி வேலை செய்யும். முதல் பகுதி இருந்தால் துளி ஒரு நிறத்தில் ஒளிரும், இரண்டாம் பகுதி இருந்தால் இன்னொரு நிறத்தில். பிறகு துளிகளை ஒவ்வொன்றாகக் கருவியின் முன் ஓடவிட்டு எண்ணுவார்கள். ஒரு நிறம் மட்டும் தெரிந்தால் பதர், இரு நிறமும் ஒரே துளியில் தெரிந்தால் முளைக்கக்கூடிய விதை. ‘ஜி’ எல்லாம் ‘ஏ’ ஆன புரோவைரஸ்களைக் கழிக்க, அந்த மாறிய வரிசையில் ஒட்டிக்கொண்டு ஒளிராமல் நிற்கும் ஓர் இடைமறிப்பானையும் சேர்க்கிறார்கள். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும்போது நல்ல புரோவைரஸே நடுவில் அறுந்து இரண்டு பதர்களாகத் தெரியும் ஆபத்தும் உண்டு. அதனால் மனித மரபணு ஒன்றிலும் இரு இடங்களை எண்ணி, எவ்வளவு அறுந்திருக்கிறது என்று பார்த்து விடையைத் திருத்துகிறார்கள்.

இருந்தும் எல்லா அளவுகோல்களுக்கும் பொதுவான ஒரு குறை தீரவில்லை. மிஸிஸிப்பியில் 2010ல் பிறந்த ஒரு குழந்தையின் வரலாறு அதை உலகுக்குக் காட்டியது. தாய்க்கு எச்.ஐ.வி. இருப்பது பிரசவ நேரத்தில்தான் தெரிந்தது. பிறந்த 30 மணி நேரத்தில் குழந்தைக்கு மூன்று மருந்துகளைத் தொடங்கினார் மருத்துவர் ஹன்னா கே. சுமார் 18 மாதத்தில் குடும்பம் மருத்துவமனைக்கு வருவது நின்றது, மருந்தும் நின்றது. மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வைரஸ் எகிறியிருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு. வழக்கமான பரிசோதனையில் எதுவும் இல்லை. ஆய்வாளர் டெபோரா பெர்சாட் குழுவினர் நுணுக்கமான சோதனைகளையும் செய்துபார்த்தார்கள். பெருகக்கூடிய வைரஸ் வளர்ப்பில் வரவேயில்லை. 2013ல் இது குணமான முதல் குழந்தையாகச் செய்திகளில் பேசப்பட்டது. மருந்தின்றி 27 மாதங்கள் கடந்தபின், 2014 ஜூலையில், ஒரு வழக்கமான பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 16,750 வைரஸ் பிரதிகள்.

பாஸ்டனில் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்ட இரண்டு ஆண்களுக்கும் இதே கதைதான். கொடையாளியின் செல்கள் பழைய செல்களை எல்லாம் அகற்றிவிட்டன, எந்தச் சோதனையிலும் வைரஸ் அகப்படவில்லை. 2013ல் மருத்துவக் கண்காணிப்பில் மருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 12 வாரத்திலும் இன்னொருவருக்கு 32 வாரத்திலும் வைரஸ் திரும்பியது.

சோதனைகள் தவறு செய்யவில்லை. அவற்றிடம் கொடுக்கப்பட்ட மாதிரிதான் சிறியது. சுமாரான கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒருவரின் உடலில் குறைத்துச் சொன்னாலும் 10 ஆயிரம் கோடி சிடி4 செல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 180 மில்லிலிட்டர் ரத்தத்தில் கிடைப்பவை சுமார் 10 கோடி, அதாவது ஆயிரத்தில் ஒன்று. உடலில் வைரஸ் தாங்கிய செல்கள் வெறும் 100தான் மிச்சம் என்றால், நாம் எடுத்த ரத்தத்தில் அவற்றில் ஒன்று இருப்பதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று. பத்துத் தடவை ரத்தம் எடுத்தால் ஒன்பது தடவை ‘எதுவும் இல்லை’ என்றே வரும். ஆனால் திரும்பிப் பெருகுவதற்கு ஒரே ஒரு செல் போதும். ரத்தத்தில் இருப்பதோ உடலின் லிம்ஃபோசைட் செல்களில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். மற்றவை நிணநீர் முடிச்சுகளிலும் குடல் சுவரிலும் மண்ணீரலிலும் இருக்கின்றன. அங்கெல்லாம் ஊசியை நுழைத்து அடிக்கடி மாதிரி எடுக்க யார் சம்மதிப்பார்கள்? சான் டியேகோவில் ‘கடைசிக் கொடை’ என்ற ஓர் ஆய்வு, வேறு தீரா நோயால் இறக்கும் தறுவாயிலுள்ள எச்.ஐ.வி. நோயாளிகள் முன்கூட்டியே மனமுவந்து தரும் அனுமதியோடு, இறந்த சில மணி நேரத்துக்குள் உடலின் பல உறுப்புகளிலும் வைரஸைத் தேடுகிறது.

அளக்கத் தெரிந்த பிறகு பழைய எண்களும் மாறின. 44 மாத அரை ஆயுளைப் பார்த்தவர்கள், இருப்பு மெதுவாகவாவது கரைந்துகொண்டே போகும் என்று நினைத்தார்கள். 2014ல் வெளியான ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின. வைரஸ் தாங்கிய செல் சாதாரண நினைவுச் செல்லைப் போலவே பிரிந்து பெருகுகிறது, ஒவ்வொரு பிரிவிலும் தன் டி.என்.ஏ.வோடு வைரஸையும் படியெடுக்கிறது. இந்தப் பெருக்கத்தைத் தடுக்க எச்.ஐ.வி. மருந்துகளால் இயலாது, ஏனென்றால் இது வைரஸின் வேலை அல்ல, செல்லின் இயல்பு. 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து மருந்து எடுத்தவர்களை வளர்ப்புச் சோதனையால் அளந்து 2023ல் வெளியிட்டார்கள். இருப்பு குறைவது நின்றுபோய், 23 ஆண்டுக்கு இரண்டு மடங்காகும் வேகத்தில் ஏறத் தொடங்கியிருந்தது.

குணப்படுத்தும் மருந்து தேடுபவர்களுக்கு இந்த எண்கள்தான் கணக்குப் புத்தகம். 2012ல் வட கரோலினாவில் டேவிட் மார்கோலிஸ் குழு, வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தால் உறங்கும் வைரஸைத் தட்டியெழுப்ப முயன்றது. ஒரே தடவை கொடுத்ததில் செல்களுக்குள் வைரஸ் ஆர்.என்.ஏ. சராசரியாக 4.8 மடங்கு கூடியது. வைரஸ் எழுந்துவிட்டது என்பதற்கு அது சான்று. ஆனால் அடுத்தடுத்த தவணைகளிலும் இருப்பு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. பதர்களையும் சேர்த்து எண்ணும் பி.சி.ஆரை நம்பியிருந்தால், நல்ல விதைகளில் பாதி அழிந்திருந்தாலும் எண்ணிக்கையில் அது தெரிந்திருக்காது.

எவ்வளவு குறைத்தால் போதும்? ஆலிசன் ஹில் குழு 2014ல் வெளியிட்ட கணித மாதிரியின்படி, பெரும்பாலான நோயாளிகள் ஓராண்டாவது மருந்தின்றி இருக்க இருப்பு சுமார் 2,000 மடங்கு குறைய வேண்டும், வாழ்நாள் முழுவதும் இருக்க 10,000 மடங்குக்கு மேல். பத்தில் ஒன்றாகக் குறைப்பதைச் சாதனை எனக் கொண்டாடும் ஆராய்ச்சிக்கு இது கடுமையான இலக்கு. இலக்கை எட்டினால்கூட அதை நிரூபிக்க இன்று ஒரே வழிதான் இருக்கிறது: மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. மருந்தை நிறுத்துவதன் விலை 2006ல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் தெரிந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களைவிட, விட்டுவிட்டு எடுத்தவர்களிடம் நோயும் மரணமும் அதிகம்.

எண்ணிக்கையோடு இடமும் முக்கியம் என்பது பிறகு தெரிந்தது. மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் அபூர்வ மனிதர்களை 2020ல் ஸு யூ, மத்தியாஸ் லிக்டர்ஃபெல்ட் குழுவினர் ஆராய்ந்தனர். அவர்களில் பலரிடம் முழுமையான புரோவைரஸ்கள் இருந்தன. ஆனால் அவை மனித மரபணுத் தொகுதியின் சலனமற்ற மூலைகளில் செருகியிருந்தன. நல்ல விதைதான், கட்டாந்தரையில் விழுந்தது. அந்த ஆய்வில் ஒரு பெண்ணிடம் 150 கோடிக்கும் அதிகமான ரத்தச் செல்களைச் சலித்தும் ஒரு முழு வைரஸ்கூடக் கிடைக்கவில்லை. 2021ல் அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சாவைச் சேர்ந்த இன்னொரு பெண்ணிடம் 119 கோடி ரத்தச் செல்களிலும், நஞ்சுக்கொடியின் 50 கோடி செல்களிலும் தேடியும் அதே முடிவு. ‘இருக்கிறது’ என்று சொல்ல ஒரே செல் போதும். ‘இல்லவே இல்லை’ என்று அடித்துச் சொல்ல எத்தனை கோடி செல்களும் போதாது.

நமக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது 1986ல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் தலைமையில். இங்கே பரவியிருப்பது பெரும்பாலும் ‘சி’ துணைவகை. உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, குறிப்பாகத் தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும், இதுதான். மேற்சொன்ன அளவுகோல்களோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகமுள்ள ‘பி’ துணைவகையை வைத்து உருவானவை. வைரஸைத் தேட ஐ.பி.டி.ஏ. பயன்படுத்தும் டி.என்.ஏ. துண்டுகள் எதிரிலுள்ள வைரஸோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் துளி ஒளிரும். சில எழுத்துகள் மாறியிருந்தாலும் நல்ல வைரஸ் கண்ணில் படாது, எண் குறைவாக வரும். ‘பி’ வகையினரிலேயே சிலருக்கு இந்தக் காரணத்தால் சோதனை தோற்கிறது. ‘சி’ வகைக்குத் தனியே வடிவமைத்த ஐ.பி.டி.ஏ. முறைகள் அண்மையில் வந்திருக்கின்றன. அவை இங்குள்ள நோயாளிகளின் ரத்தத்தில் பரவலாகச் சோதிக்கப்பட வேண்டும். அந்த வேலை முடியாமல் குணப்படுத்தும் மருந்தொன்றை இங்கே சோதித்தால், ‘இருப்பு குறைந்துவிட்டது’ என்று வரும் நல்ல செய்தி மருந்தால் வந்ததா, அளவுகோல் பொருந்தாமல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். அரசு மையங்களில் 2004 முதல் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே தரப்படும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற அறிக்கை மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான சான்றிதழ், மாத்திரை தேவையில்லை என்பதற்கான அனுமதி அல்ல. அதை நிறுத்தச் சொல்லும் தகுதி உள்ள அறிக்கை ஒன்றை எந்தப் பரிசோதனைக் கூடமும் இன்னும் தரத் தொடங்கவில்லை.